பன்னிரண்டு மணி செபம்

எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு பேர். கோயிலில் நான் ரோசம்மாள், பள்ளிக்கூடத்தில் சாந்தி. என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்காவுக்கும் அப்படித்தான். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆம்பூரை ஒட்டிய எங்கள் தெருவில், தோல் பதனிடும் வேலைக்குப் போன வேதக்காரக் குடும்பங்களில் பாதி இப்படித்தான் இருந்தன. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டால் அந்தச் சாதிக்கான அரசாங்கச் சலுகை கிடையாது என்பது சட்டம். வேதத்தில் சேர்ந்த பிறகும் எங்கள் தெரு மாறவில்லை, வேலை மாறவில்லை, டீக்கடையில் தனியாக வைத்த கிளாஸும் மாறவில்லை. அதைச் சட்டத்துக்கு யார் போய்ச் சொல்வது? ஆகவே மாதாவுக்கு ஒரு பேர், சர்க்காருக்கு ஒரு பேர்.

எழுபதுகளின் கடைசியில் அக்கா நல்ல மார்க்கோடு பள்ளிப் படிப்பை முடித்தாள். டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்பது ஒன்றே அவள் ஆசை. சாதிச் சான்றிதழ் இருந்தால் சீட்டு நிச்சயம், இல்லாவிட்டால் அந்த வாசலைக்கூட மிதிக்க முடியாது என்று அப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். மனு போட்டாயிற்று. எந்த வயிற்றெரிச்சல் பிடித்தவனோ, நாங்கள் வேதக்காரர்கள் என்று மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டுவிட்டான். வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து விசாரிக்கப் போகிறார் என்று தகவல் வந்தது.

அவர் வருவதற்கு முதல் நாள் அம்மா மாதா படத்தைக் கழற்றி, தன் கல்யாணப் புடவையில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்தாள். மூடுவதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ரெண்டே நாளு தாயே, பேஜாரா நினைச்சுக்காதே" என்றாள். அதே ஆணியில் பக்கத்து வீட்டு முருகன் காலண்டர் வந்து தொங்கியது. செபமாலைகள் அரிசிப் பானைக்குள் போயின.

நானோ அப்போது புதுநன்மைக்கு, முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு, தயாராகிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு பக்திப் பிசாசு அந்தத் தெருவிலேயே கிடையாது. சாயந்தரம் தவறாமல் ஞானோபதேச வகுப்புக்குப் போய், உபதேசியார் சொல்வதை அட்சரம் பிசகாமல் வீட்டில் ஒப்பிப்பேன். வேதத்தை மறுதலிப்பது சாவான பாவம் என்று அவர் நடத்தியது அந்த வாரம்தான். குடும்பத்தோடு நரகத்துக்குப் போகப்போகிறோம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

தண்ணீர்க் குழாயடியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, யேசுவைத் தெரியாதுன்னு இராயப்பர் மூணு தடவை மறுதலிச்சிட்டு அழுதாரு, தெரியுமில்ல?"

அக்கா குடத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "அழுதவருதான் அப்புறம் பாப்பரசர் ஆனாரு. எனக்கு டீச்சர் ஆனா போதும்."

"நீ பொய் சொன்னா நான் புதுநன்மை வாங்க மாட்டேன். உன்கூடப் பேசவே மாட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. நிறைந்து வழிந்த குடத்தை நகர்த்தி வைத்தாள். பிறகு, "ஸ்கூல்ல கூப்புட்டா ஒருத்தி திரும்பிப் பாக்குறா, கோயில்ல கூப்புட்டா ஒருத்தி திரும்பிப் பாக்குறா. எவ பொய்யின்னு எனக்கே தெரியலடி" என்றாள். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எட்டு வயதில் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

மறுநாள் பதினொன்றரைக்கு ஆய்வாளர் சைக்கிளில் வந்தார். வாசலில் நாற்காலி போட்டிருந்தோம். எங்கள் வீட்டுத் தம்ளரில் அவர் தண்ணீர் குடிக்க மாட்டார் என்பதால் அப்பா கடையிலிருந்து கோலி சோடா வாங்கி வைத்திருந்தார். நாங்கள் இன்ன சாதிதானா என்று விசாரிக்க வந்தவர், அந்தச் சாதிக்காரர்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று சோடாவைக் குடித்தார். அன்றைக்கு இது எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

ஆனாலும் நல்ல மனுஷர். காலண்டரைப் பார்த்தார், அக்கா நெற்றியில் புதிதாக வைத்த பொட்டைப் பார்த்தார், அதிகம் கேட்கவில்லை. "கோயிலுக்கு எங்கம்மா போவீங்க?" என்றார். அம்மா மாரியம்மன் கோயிலைச் சொன்னாள். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

அப்போது மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

மற்றவர்களுக்கு அது மதிய மணி, எங்களுக்குத் திரிகால செபம். எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து, சிலுவை போட்டு, 'அருள் நிறைந்த' மந்திரத்தை மூன்று முறை சொல்ல வேண்டும். அப்பா தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நிற்கும்போதுகூட விட்டதில்லை. அன்றைக்கு அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு அக்காவையே முறைத்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

அக்கா எழுந்து நின்றாள். நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டாள். ஒரு மந்திரத்தையும் விழுங்காமல், நிதானமாக, வாய்விட்டுச் சொல்லி முடித்தாள். அதுவரைக்கும் அந்த மனுஷர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் அக்கா.

அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். சைக்கிளை எடுக்கும்போது அப்பாவிடம், "நான் கண்ணை மூடிக்கினு போயிருப்பேன்யா. உன் பொண்ணு விடலியே" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அந்த மாதாவே பெட்டிக்குள்ள கம்முனு இருந்தாங்களேடி, உனக்கு இன்னாடி வந்துச்சு!" அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கோ கால் தரையில் பாவவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வேதசாட்சி! உபதேசியாரிடம் ஓடிப்போய், அக்கா மறுதலிக்கவில்லை என்று மூச்சிரைக்கச் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திண்டாடினார். "ஐயோ, சீட்டு போச்சா?" என்றார். அவர் மகன் எந்தப் பேரில் காலேஜில் படிக்கிறான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அக்கா அடுத்த மாதமே ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தாள். என் புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

ஒன்பது வருஷம் கழித்து எனக்கு அதே சான்றிதழ் வேண்டியிருந்தது. அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குக் கூட வந்தாள். அதிகாரி என்னிடம் மதம் என்ன என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "இந்துதான் சார், மாரியம்மன் கோயிலுக்குத்தான் போறோம்" என்றாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. "இன்னாக்கா, இப்படிச் சொல்லிட்டியே?"

"நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். நீ படி."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் எழுந்து நின்ன?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், "நீ பாத்துக்கினு இருந்தியேடி."

அந்த ஒன்பது வருஷமும் அவள் மாதாவுக்காக எழுந்து நின்றாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.