ஏர்கண்டிஷனில் வைத்த மெராந்திக் கன்றுகள்

எண்பத்து நாலில் அழகேசனுக்கு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர் வேலை கிடைத்தது. அதே வருஷம் தோட்ட ஆபீசுக்கு ஏர்கண்டிஷனும் வந்தது. இரண்டில் எதற்காக அவர் அதிகம் பூரித்தார் என்ற வழக்கு தொழிலாளர் லயத்தில் வெகுநாள் நடந்தது. மலேசியாவின் கோல சிலாங்கூர் வெயிலில் பிறந்து வளர்ந்த மனிதர், ஆபீசுக்குள் சுவெட்டர் போட்டுக்கொண்டு கணக்கு எழுதினார். மூக்கு ஒழுகியது. அந்தஸ்து வந்தால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்.

அப்போதுதான் கம்பெனித் தலைவர் வரப்போவதாகவும், ஆற்றோரம் நாட்டு மரம் நடப்போவதாகவும் தகவல் வந்தது. காட்டைத் தரைமட்டமாக்கி ரப்பரும் எண்ணெய்ச் செம்பனையும் வைத்த கம்பெனிக்கு, காட்டு மரத்தின் மேல் திடீர்ப் பாசம். மானேஜர் தேவதாஸ், அம்பாங் பெச்சா மலைப்பக்கமிருந்து மெராந்தி என்ற காட்டு மரத்தின் கன்றுகளைப் பைகளில் வரவழைத்து அழகேசனிடம் ஒப்படைத்தார்.

"இதுங்க செத்துச்சுன்னா நீங்க மறுபடியும் பால் ஸ்டோர்ல தராசு பிடிக்க வேண்டியதுதான். பார்த்துக்குங்க."

ரப்பர்பால் நாற்றம் அப்போதுதான் அழகேசனின் சட்டைகளை விட்டுப் போயிருந்தது. மூளையைக் கசக்கினார். மலையில் பிறந்த கன்று. மலை என்றால் குளிர். அப்படியானால்?

"வெளியில வச்சா வாடிடும் சார். நம்ம ஆபீஸ்லயே ஜன்னலோரமா வச்சிடுவோம்."

"பேஷ்! உங்களைப் பெரிய கிராணி ஆக்கினது வீண் போகல" என்றார் தேவதாஸ்.

கன்றுகள் சாகவில்லை. வளரவும் இல்லை. குருத்து, மௌனவிரதச் சாமியாரின் வாய் மாதிரி மூடியே கிடந்தது. இலைகள் வெளிறின. குளிர் பத்தவில்லை போலும் என்று அழகேசன் இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார். இரண்டு இலைகள் உதிர்ந்தன.

ஒரு நாள் மெஷின் உறுமி நின்றது. பழுது பார்க்கும் சலாவுதீன் டவுனிலிருந்து வந்து திறந்து பார்த்தார்.

"கம்ப்ரெஸர் போயிருச்சு லா, கிராணியாரே. சாமான் கிள்ளான்லேர்ந்து வரணும்."

"பாய், என் பொழப்பே இதுல இருக்கு! ஒரு கட்டு கட்டியாவது ஓட்டி விடுங்க."

"இது என்ன சைக்கிள் டயரா, ஒட்டுப்போட?"

ஆபீஸ் புழுங்கியது. வீட்டில் மனைவி லீலாவதி, "தராசு தூக்க இப்பவே கைக்குத் தெம்பு ஏத்திக்குங்க" என்று ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள். அவருக்கு இறங்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் கன்றுகளின் நுனியெல்லாம் சிவந்திருந்தன. வெக்கையில் கருகிவிட்டது! விரலால் தொட்டார். கருகிய இலை நொறுங்க வேண்டும். இதுவோ குழந்தையின் காதுமடல் போலக் குழைந்தது. கொழுந்து! அடுத்த பையிலும், அதற்கடுத்ததிலும் கொழுந்து.

அழகேசன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காட்டில் பெரிய மரங்களின் நிழலில் இந்த நாட்டு வெதுவெதுப்போடு வளர்கிற பிள்ளைகள். நிழல் கேட்டதற்குப் பனியைக் கொடுத்திருக்கிறோம்! சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

மறுநாள் சலாவுதீன் கம்ப்ரெஸரோடு வந்து நின்றார். அழகேசன் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"உள்ளே வராதீங்க பாய்! நடுற நாள் முடியட்டும்."

"அன்னிக்கு அழுதீங்க, இன்னிக்கு விரட்டுறீங்க. உங்களுக்குத்தான் முதல்ல பழுது பார்க்கணும் போல."

சத்தம் கேட்டு வியர்க்க விறுவிறுக்க வந்த தேவதாஸ் கொழுந்துகளைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, காட்டுக் கன்னுக்கு ஏர்கண்டிஷன் ஆகாதுன்னு?"

"சொன்னீங்க சார், நல்லா ஞாபகமிருக்கு" என்றார் அழகேசன். தன் நாற்காலியில் போய்ச் சாய்ந்து, ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டே, எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லியனுப்பினார்.