ஜீரோ வாட்ஸ் பல்பும் ஆழ்கடல் சொறியும்

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் எரிமலை, காற்றாலை எல்லாம் டீச்சருக்குப் பிடித்த பிள்ளைகளுக்குப் போய்விட, எனக்கு மிஞ்சியது ஆழ்கடல் ஜெல்லிமீன். நான் அதுவரை கடலையே பார்த்தவளில்லை. திருப்பூர் நல்லூரில் வளர்ந்த எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் நொய்யல்தான். அதுவும் அன்றைக்குக் கம்பெனிகளில் என்ன சாயமோ அந்த நிறத்தில் ஓடும்.

ஆனால் கடலைத் தெரிந்த ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பா போன படகு திரும்பி வரவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, படகின் பலகைகூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு அப்பா அவளை எங்களோடு கூட்டிவந்து, தான் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியிலேயே பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். சித்தப்பாவின் ஆத்துமாவுக்கு மாதா கோயிலில் ஒரு பூசை வைத்துவிடலாம் என்று அம்மா பேச்செடுத்தாலே சித்தி எழுந்துவிடுவாள். "ஆளையே பாக்காம யாருக்குக்கா பூசை வைக்கச் சொல்லுத?" என்பாள்.

படுக்கும்போது ஜீரோ வாட்ஸ் பல்பை அணைக்கவும் விடமாட்டாள். அவுக வந்தா வழி தெரியணுமாம். அடேயப்பா! கடலுக்கும் திருப்பூருக்கும் நடுவே எத்தனை ஊர்! அத்தனையும் தாண்டி வருகிறவருக்கு எங்கள் வீட்டு ஜீரோ வாட்ஸ்தானா தெரியப்போகிறது? வெளிச்சம் இருந்தால் எனக்கோ தூக்கம் வராது. போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பொருமுவேன்.

ஜெல்லிமீன் படத்தைக் காட்டியதும் சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி, இது மீனா? சொறியில்லா இது! வலையில ஏறிட்டுன்னா கையெல்லாம் அரிச்சுத் தொலைச்சிரும்."

சொன்னாளே தவிர, அவளேதான் கம்பெனி வேஸ்ட்டிலிருந்து வெள்ளைத் துணியாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பனியன் துணியை மெல்லிசாகக் கத்தரித்து இழுத்துவிட்டால் தானாகச் சுருண்டுகொள்ளும். குடைபோல் தைத்த தலைக்குக் கீழே அப்படி ஒரு கட்டு வால்களைத் தொங்கவிட்டாள். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் நீல விளக்கை அப்பா முதலாளியிடம் கெஞ்சி வாங்கிவந்தார். அந்த விளக்கடியில் வெள்ளைப் பனியன் துணி அப்படி மின்னும்.

கண்காட்சியன்று வகுப்பறை மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்து எனக்கொரு கடல் கொடுத்தார்கள். சித்தி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

"உள்ள வாங்க, இருட்டா இருக்குதுங்க, பார்த்து" என்று டீச்சர் அவளுக்குத் துணியை விலக்கிவிட்டு, "பயப்படாமச் சொல்லு கண்ணு" என்றார் என்னிடம்.

விளக்கைப் போட்டேன். சொறி மின்னியது. கூடவே சித்தியும் மின்னினாள்! கம்பெனியிலிருந்து நேரே வந்தவளாயிற்றே, தலையிலும் சேலையிலும் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்குகளெல்லாம் பொட்டுப்பொட்டாக ஒளிர்ந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டு மனப்பாடத்தை ஒப்பித்தேன்.

"ஆழ்கடலுக்குச் சூரிய வெளிச்சம் எட்டாது. அங்கே எப்போதும் இருட்டு. தண்ணீர் ஐஸ் போலக் குளிரும். ஜெல்லிமீனுக்கு எலும்பில்லை, இதயமில்லை, மூளையில்லை. ஆனால் பல ஜெல்லிமீன்களின் உடம்பிலேயே வெளிச்சம் உண்டு. ஏதாவது வந்து தொட்டால் ஒளிரும்."

"அவ்வளவு கீழயுமா சொறி கெடக்கு?" என்று கேட்டாள் சித்தி.

"கெடக்கு சித்தி."

"அங்கன மனுசன் போனா?"

இது டீச்சர் சொல்லித்தராத கேள்வி. விடுவேனா? "போனா வரவே முடியாது சித்தி. மேல நிக்கிற தண்ணியெல்லாம் சேர்ந்து அமுக்கிரும்லா!" என்றேன், பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில்.

சித்தி வாலொன்றைத் தொட்டுப் பார்த்தாள். "வெளிச்சம் இருக்குன்னியே?"

"நெறைய இருக்கு. மாதா கோயில் திருநாளுக்கு சீரியல் லைட் போடுவாங்கல்லா, அந்த மாதிரி கூட்டங்கூட்டமா மிதக்கும்." அதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

"அப்பச் சரி" என்றாள் சித்தி. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் கத்திய பிறகுதான் வெளியே வந்தாள்.

பரிசு எரிமலைக்குத்தான் போயிற்று. அழுது வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அப்பா வந்ததும் சித்தி அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு, "அத்தான், அவுகளுக்கு ஒரு பூசைக்குச் சொல்லிருங்க" என்றாள். அப்பா டம்ளரை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தார். சித்தி ஸ்டூலைப் போட்டு ஏறி ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றி, முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தாள். இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுப்படிக்குப் போனால் அங்கே அம்மா சுவரைப் பார்த்து நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாகிவிட்டது. பெற்ற மகள் பரிசு வாங்காவிட்டால் தாய்க்கு இருக்காதா? பின்னால் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"விடும்மா," என்றேன். "அடுத்த வருசம் வாங்கிரலாம்."