பங்களா வளைவும் மூன்று கிளச்சுகளும்

சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்காக வாடகை வேனில் மலையேறிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. செங்குத்தான ஒரு வளைவில் வேன் திணறியது. ஓட்டிய பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதிப்பதும் விடுவதுமாக இருந்தான். திடீரென்று அந்த வாசனை வந்தது. பழைய செருப்பையும் கொஞ்சம் தலைமுடியையும் சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அது. பின்சீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

"கிளச் எரியுது ஐயா, ஒண்ணும் பயமில்ல" என்றான் பையன்.

எனக்கா பயம்? நன்றாக மூச்சை உள்ளே இழுத்தேன். உங்களுக்கு மல்லிகைப்பூவோ சாம்பிராணியோ வாலிபத்தை ஞாபகப்படுத்தலாம். எனக்கு வாய்த்தது கருகிய கிளச். அவரவர் தலையெழுத்து. அந்த வளைவு எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். நோர்வூட்டில் காதர் முதலாளியின் கடையில் எனக்குத் துணி கிழிக்கிற வேலை. முதலாளி கீழக்கரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கடைக்கு வர முடியாத தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குக் கடையே மலையேறிப் போகட்டும் என்று ஒரு ஜீப் வாங்கினார். யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப் அது. எந்தக் காட்டில் யாரைத் துரத்தியதோ, யார் துரத்த ஓடியதோ தெரியாது. மேல்கூரைத் துணி கந்தலாக இருந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி. அதைப் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சுவரில்கூட ஏறிவிடும். ஆனால் அது போடுகிற ஊளைச் சத்தத்தில் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓட்டியவர் சூசை மச்சான், என் அக்கா மேரியின் புருஷன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். தோட்டத்தை விட்டு வரும்போது சும்மா வந்திருக்கலாம். பெரிய கங்காணியிடம் போய், "இனிமே பெரட்டுல என் பேர கூப்பிட்டு ஒங்க தொண்டய கெடுத்துக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்படிச் சொன்னவர் திரும்பிப் போய் விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் வரிசையில், கடைசி ஆளாக நிற்க முடியுமா? கடைக்குப் பின்னால் முதலாளி கொடுத்த அறையில்தான் அவரும் அக்காவும் குடியிருந்தார்கள். அக்கா முழுகாமல் இருந்தாள். ஜீப் ஓடினால்தான் அந்த அறை.

ஜீப் வாங்கிய முதல் கிறிஸ்துமஸுக்குள் கிளச் தேய்ந்துபோனது. ஹட்டனில், பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் சிங்கள மேஸ்திரி சிறிசேனவின் பட்டறையில் பழைய தட்டுக்கே புது லைனிங் வைத்து ரிவிட் அடித்தார்கள். அது பெரிய வியாழனைத் தாண்டவில்லை. அடுத்து, லொறிக்குப் போடுகிற பெரிய கிளச்சை ஏதேதோ கடைந்து உள்ளே திணித்தார்கள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. ஜீப் புறப்படும்போது முயல்போலத் துள்ளும். மிதித்து மிதித்து மச்சானின் இடதுகால் வலதுகாலைவிடப் பருத்துவிட்டது என்று அக்கா சொல்வாள். அந்த முரட்டுக் கிளச்சும் மாதா திருநாளுக்கு முன்பே கருகிவிட்டது.

பாஸ் பழுத்த மெக்கானிக். கருகிய தட்டை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு மச்சானிடம் நேராகவே கேட்டார். "சூசை, உண்மை சொல்லு. கிளச் மேலே கால் வச்சி ஓட்டுறதா?"

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாதா மேல சத்தியமா இல்ல பாஸ். ஓட்டும்போது கால அந்தப் பக்கம்கூடக் கொண்டுபோறதில்ல."

அவர் மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவர் அல்ல. அதனால் பழி ரோட்டின் மேல் விழுந்தது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று முணுமுணுத்தார் முதலாளி. பிறகு சொன்னார்: "இந்தத் தடவ நானே வந்து பாத்து எடுக்கிறேன். இதுவும் போச்சுன்னா ஜீப்ப வித்துடுவேன் சூசை. அப்புறம் ஒனக்கு இங்க என்ன வேல இருக்கு, நீயே சொல்லு."

அன்று மச்சானுக்கு அக்கா வைத்த சோறு அப்படியே இருந்தது.

கிளச் பார்க்கப் போன காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போவதுபோல் முதலாளி வெள்ளைத் தொப்பியும் அத்தரும் போட்டுக்கொண்டு வந்தார். பாஸ் மேசையில் மூன்றைப் பரப்பிவைத்தார். ஒன்று, மறுபடியும் பழைய தட்டுக்கு லைனிங். இந்த முறை தடித்த லைனிங், செம்பு ரிவிட். இன்னொன்று லொறி கிளச். மூன்றாவது கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடைத்தெருவிலிருந்து வந்தது. ராணுவப் பெட்டியிலேயே மெழுகுக் காகிதம் பிரிக்காமல் கிடந்த அசல் தட்டு.

முதலாளிக்குத் தெரிந்தது துணி. ஆகவே துணி பார்ப்பதுபோலவே பார்த்தார். பெருவிரலால் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார், வெளிச்சத்துக்குத் தூக்கினார். லைனிங்கின் ஓரத்தில் நூல் பிரிகிறதா என்று தேடினார். சாயம் போகுமா என்று கேட்காததுதான் பாக்கி.

"லைனிங் வச்சது பிடிக்கும், ஆனா லைனிங் தேஞ்சா ரிவிட் உள்ள கீறும்" என்றார் பாஸ். "லொறி கிளச் பலம். ஆனா அந்த இழுவைக்குக் கியர்ப் பெட்டி ஒடையும். இந்தப் பெட்டிச் சாமான் அளவு சரி, ஸ்பிரிங்கும் சரி. யுத்த காலத்துல இருந்து கிடக்குது, அதான் லைனிங் கொஞ்சம் காஞ்சிருக்கும்."

"அப்ப எதப் போடலாம்?"

"மூணும் ஹொந்தய், நல்லது மொதலாளி. ரோட்டுதான் ஹொந்த இல்ல."

முதலாளி கண்ணை மூடி பிஸ்மில்லா சொல்லி மெழுகுக் காகிதத்தின் மேல் கை வைத்தார். "பிரிக்காத பொதி. நான் முப்பது வருஷமா இதத்தான் நம்புறேன்." வெளியே வந்ததும் இன்னொன்றும் சொன்னார். வருகிற வியாழக்கிழமை, ஜீப் வழக்கம்போல் தோட்டத்துக்கு ஏறும்போது அவரும் வருவாராம்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. முன்னால் மச்சானும் முதலாளியும். பின்னால் பூப்போட்ட சீத்தைத் துணிப் பொதிகளுக்கு நடுவில் நான், கந்தல் கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு. குடை பொதிகளுக்கும் முதலாளியின் தலைக்கும் பொது. புதுக் கிளச் வெண்ணெய்போல் பிடித்தது. குட்டைக் கம்பியைப் போட்டு, ஊளைச் சத்தத்தோடு ஜீப் ஏறியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று வளைவுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பங்களா வளைவு வந்தது. அந்த மலையிலேயே செங்குத்தான இடம் அது. மேலே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. மச்சான் குட்டைக் கம்பியை எடுத்துவிட்டார். ஊளை நின்றது. அரைக் கிளச்சில் காலை வைத்து, ஜீப் முனகாமல் பார்த்துக்கொண்டு, சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து தலையைக் குனிந்தபடி ஏற்றினார். நான் குடையை மடக்கினேன்.

முதலாளியின் வெள்ளைத் தொப்பி மேல் மழை சடசடவென்று கொட்டியது.

"டேய்! குடைய ஏண்டா மடக்குன?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "பங்களாங்க மொதலாளி."

"பங்களான்னா? அங்க மழ பெய்யலியா?"

"தொரை பாத்தா..."

"தொரைதான் லீவுல சீமைக்குப் போயாச்சேடா! பங்களாவுல நாயும் சமையக்கார அப்புவுந்தானடா இருக்கு! ஒவ்வொரு வாரமும் துணி நனஞ்சு வந்தது இதனாலதானா?"

அப்போதுதான் கீழேயிருந்து, மலைக்கு இது வழக்கம் என்று நானும் மச்சானும் வாராவாரம் விட்டுவிட்ட அந்த வாசனை கிளம்பியது. முதலாளி மூக்கை உறிஞ்சினார். மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார். "சூசை, ஒன் இடது கால் எங்க இருக்கு?"

மச்சான் குனிந்து, யாரோ அந்நியனின் காலைப் பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார்.

வளைவு தாண்டி ஜீப்பை நிறுத்தினார்கள். "மாதா மேல சத்தியம் பண்ணினியே?" என்றார் முதலாளி.

"ஓட்டும்போது வைக்கிறதில்லீங்க மொதலாளி." மச்சானின் குரல் இறங்கிவிட்டது. "அது ஓட்டுறது இல்லீங்களே. மரியாத."

அந்த ஊரில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. பங்களா முன்னால் சைக்கிளில் வருகிறவன் இறங்க வேண்டும். குடை பிடித்தவன் மடக்க வேண்டும். தலையில் கட்டிய துண்டு இடுப்புக்கு வர வேண்டும். ஜீப்பில் வருகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் எவனும் அதுவரை அங்கே ஜீப் ஓட்டியதில்லை. இறங்கினால் ஜீப் பின்னால் உருண்டு ஆற்றில் கிடக்கும். அதனால் மச்சானின் உடம்பே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது: ஊளையை அடக்கி, அரைக் கிளச்சில் தலைகுனிந்து ஏறுவது. நான் வாராவாரம் அவர் பின்னாலேயே உட்கார்ந்து வந்தும் கவனிக்கவில்லை. கவனிப்பதற்கு என்ன இருந்தது? அதே நேரத்தில் நானும் தலைகுனிந்துதானே இருந்தேன்.

முதலாளி தொப்பியைப் பிழிந்தார். "அடுத்த வாரமும் வருவேன். அந்தக் கம்பிய எடுக்கக் கூடாது. எரிஞ்ச வாட வந்துச்சோ, சாவியக் கடையில வச்சுட்டுப் போயிடு."

இதில் வந்த சிக்கலைப் பாருங்கள். அந்த வாரத்தில் துரை சீமையிலிருந்து திரும்பிவிட்டார். ஊளையிட்டுக்கொண்டு போனால், துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை ஜீப்புக்குத் தோட்டத்துக் கேட் மூடிவிடும். ஊளையிடாமல் போனால் கிளச் எரியும். எப்படிப் போனாலும் மச்சானுக்கு வேலை இல்லை. வியாழக்கிழமை காலையில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "கும்புடணும்னா ஞாயித்துக்கிழமை கோயில்ல போயி கும்புடுங்க. அங்க ரோட்ட மட்டும் பாருங்க" என்றாள்.

வளைவில் மச்சானின் கை தானாகக் கம்பிக்குப் போனது. முதலாளி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். ஜீப் ஊளையிட்டது. அதுவரை நான் கேட்ட சத்தங்களிலேயே பெரியது அது. மச்சான் 'அருள் நிறைந்த மரியே' என்று முணுமுணுத்தார். முதலாளியும் அரபியில் ஏதோ ஓதினார். நான் குடையை மடக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்று வேறு அதைப் பிடுங்கப் பார்த்தது. புல்தரையில் துரை நின்றுகொண்டிருந்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

சனிக்கிழமை பங்களா அப்பு கடைக்கு இறங்கி வந்தார். துரைக்குச் சமைக்கிறவர், லேசில் கீழே வரமாட்டார். முதலாளி தானே எழுந்து சோடா உடைத்துக் கொடுத்தார். மச்சான் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்பு சோடாவைக் குடித்து, ஏப்பம் விட்டு, மச்சானைப் பார்த்தார். "ஜீப்புக்கு என்னமோ புதுசா மாத்தியிருக்கீங்களாமே?"

"ஆமாங்க" என்றார் மச்சான், கேட்காத குரலில்.

"மவராசனா இருப்பா! வியாழக்கிழமையானா போதும், தொரை காலச் சாப்பாட்டுக்கு உக்காருற நேரத்துக்கு ஒரு கருகல் நாத்தம் வரும். 'கறியத் தீச்சுட்டியா'ன்னு என்னையப் புடிச்சு ஏசுவாரு. தட்ட விட்டெறிஞ்சிருக்காரு. நானும் அடுப்பெல்லாம் மாத்திப் பாத்துட்டேன். நீங்க சத்தமா போனீங்க பாரு, அன்னைக்குத்தான் மனுசன் முழுசா சாப்புட்டாரு."

முதலாளி சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று துணிக் குவியலுக்குள் விழுந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம மரியாத அங்க நாத்தமாத்தான் போய்ச் சேந்துருக்கு" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

பிரிக்காத பொதியின் கிளச் ஜீப்பை விற்கும்வரை உழைத்தது. துரை சீமைக்கே போய்விட்டார். காதர் முதலாளி கீழக்கரையில் அடக்கமானார். சிறிசேன பாஸின் பட்டறை இருந்த இடத்தில் கைபேசிக் கடை இருக்கிறது. மச்சானும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

சென்ற மாதம் நான் ஏறிய வளைவு அதுதான். பங்களா இப்போது ஹோட்டல். மச்சானின் பேரனுக்கு அங்கேதான் வரவேற்பு. வேனை விட்டுக் கேட்டிலேயே இறங்கினேன். குடையை விரித்துக்கொண்டு, புல்தரை நடுவே, மடக்காமல் நடந்தேன். வயதான காலத்தில் வந்த வீரம். படியில் ஏறியதும் சீருடைப் பையன் ஓடி வந்து, "ஐயா, குடைய மடக்கிட்டு உள்ள வாங்க, தரை நனஞ்சிரும்" என்றான். மடக்கிவிட்டேன்.

விறாந்தையில் அந்தக் காலத்தில் துரை உட்காரும் பக்கத்தில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள், பட்டுச் சேலையும் கம்பளிச் சட்டையுமாக. "இதுவரைக்கும் விரிச்சுக்கிட்டுத்தான வந்த?" என்றாள்.

"ஆமாக்கா."

"அது போதும்."

அப்போது கீழே வளைவில் இன்னொரு வேன் திணறுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை புல்தரையைத் தாண்டி விறாந்தைக்கு ஏறி வந்தது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஹோட்டல்காரர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து யாரையோ அதட்டினார்.

அக்கா மட்டும் அசையவில்லை. மூச்சை இழுத்து, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன் மச்சான் வந்துட்டாருடா" என்றாள்.