தடையின்றி வாசித்தல்

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று ஒருமுறை தீர்ப்பு எழுதினார்கள். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததிலிருந்து, எங்கள் தீவில் ஜங்லிகாட் பகுதியில் ஒரு தையல் கடை மாடியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் மீடியம் பிள்ளைகள். பாடத்தில் ஒரு வரி வாசிப்பேன், நிமிர்ந்து முகங்களைப் பார்ப்பேன். யாராவது திருதிருவென்று விழித்தால் ‘மத்லப்’, அதாவது, என்று ஆரம்பித்து அதையே ஹிந்தியில் சொல்வேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹிந்தி எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் ஒரு மாலை நின்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள்தான் தமிழ். விளையாட்டும் சண்டையும் ஹிந்தியில்தான் நடக்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

அப்பாவுக்கு ஹேடோ துறைமுகத்தில் வேலை. இரண்டு வருடத்தில் ரிட்டையர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் மெயின்லேண்டுக்குத் திரும்பி எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தால் மட்டும் ஷாதிபூரில் வாடகைக்கு வீடு பிடித்து இங்கேயே இருக்கலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். மெயின்லேண்ட் எனக்குக் கப்பலேறிப் போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரும் இடம், அவ்வளவுதான். அங்கே போய் நான் என்ன செய்வேன்?

பயிற்சியில் சேர அடிப்படைத் திறன் தேர்வு வைத்தார்கள். கணக்கும் எழுத்தும் நன்றாகவே போயின. கடைசியில் வாசிப்பு. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஒரு மேடம் தாளை நீட்டி, “நாலாம் வகுப்புப் பசங்களுக்கு வாசிக்கிற மாதிரி வாசிங்க” என்றார். எதிரே மூன்று காலி பெஞ்சுகள். உழவர்கள் விடியலில் ஏர் பூட்டிப் போவதைப் பற்றிய பாடம். முதல் வரியை வாசித்துவிட்டு வழக்கம்போல் நிமிர்ந்தேன். என் டியூஷன் பிள்ளைகளில் ஏரைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. “மத்லப், சுபே சுபே...” என்று விடியலை ஹிந்தியில் சொல்லத் தொடங்கினேன்.

“என்ன இது, நடுவுல ஹிந்தி?”

“பசங்களுக்குப் புரியணும்ல மேடம்.”

“எந்தப் பசங்க? இங்க யாரும் இல்லையே. நிறுத்தாம வாசிக்க வருமா, வராதா?”

வரும் என்று சொல்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ‘தடையின்றி வாசித்தல்: போதாது’ என்று முடிவு வந்தது. பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல் வாசி என்று சொன்னதே அவர்கள்தானே! வயிறெரிய அழுதேன். அப்பா எனக்கு மேல் கொதித்தார். “நம்ம ஊர்ல நம்ம பேசுற மாதிரி பேசுனா ஃபெயிலா? யே க்யா பாத் ஹை, பாப்பா? இது என்ன நியாயம்?” என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். ஆனால் ரிட்டையர் ஆகும் தேதியை அவரால் தள்ளிவைக்க முடியாது. அதற்குள் தேர்வெழுத எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

அந்த வருடம் முழுக்க வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகினேன். தலையைத் தூக்கக்கூடாது, நிற்கக்கூடாது, ரேடியோ செய்தி மாதிரி ஓட வேண்டும். மறுபடி அதே மேடம் இருந்தார். ஒருமுறைகூட நிமிராமல் ஒரு பக்கத்தை முடித்தேன். “வெரி குட். இதுதான் வாசிப்பு” என்றார். இடம் கிடைத்தது. ஷாதிபூர் வீட்டில் பால் காய்ச்சினோம். அந்த ‘வெரி குட்’ மட்டும் தொண்டையில் மாட்டிய முள்ளாகவே இருந்தது.

பயிற்சியின் முதல் மாதத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்துங்கள், அதற்குத் தெரிந்த மொழியில் விளக்குங்கள் என்று. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கிடைத்த இடம் போய்விடுமோ என்று பயந்து, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

பிறகு பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். நாலாம் வகுப்பு, தமிழ்ப் பாடம். பின்னால் மதிப்பெண் போட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாசிக்கத் தொடங்கினேன். பக்கம் முடிந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். வகுப்பு மொத்தமும் என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்னால் இருந்தவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இந்த முறை பெஞ்சுகள் காலியாக இல்லை. பக்கத்தின் முதல் வரிக்குத் திரும்பினேன். வாசித்தேன். நிறுத்தினேன்.

“மத்லப்...” என்றேன்.