நாற்பத்தொரு விநாடி

பெரம்பலூரில் ராசாங்கம் சார் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஜெயசித்ராதான் டீச்சர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பரீட்சை முடித்தவள். இரண்டிலும் முதல் வகுப்பு. எதிலும் இரண்டாவதாக வந்து அவளுக்குப் பழக்கமில்லை.

2001-இல் சார் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஒன்றில் துப்பாக்கி விளையாட்டு ஒன்று இருந்தது. வளைந்து வளைந்து போகும் பாதையில் ஓடிக் கடைசிக் கதவைத் தொட வேண்டும். சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஓர் ஆட்டம். யார் எத்தனை விநாடியில் தொட்டார்கள் என்பதைச் சார் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். எட்டு மாதமாக முதல் பெயர் ஜெயசித்ரா, நாற்பத்தெட்டு விநாடி. அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் அவள் கண் தானாக ஒருமுறை அங்கே போய் வரும்.

அரும்பாவூரிலிருந்து லோயர் படிக்க வந்த சுந்தராம்பாளுக்கு முப்பத்து நான்கு வயது. சின்ன வெங்காயம் அரிந்து காய்த்துப்போன விரல்கள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தாள். நாற்பத்தொன்று.

"சும்மா அமுக்குனேன் டீச்சர். அது பாட்டுக்குப் பறக்குது!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கேம்ல ஏதோ கோளாறு சார். இது செல்லாது" என்றாள் ஜெயசித்ரா.

"அதே கம்ப்யூட்டர்தானம்மா? அந்தக் கோளாறுல நீயும் ஓடிப் பாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சார் பேனாவை எடுத்து ஜெயசித்ராவின் பெயருக்கு மேலே சுந்தராம்பாளின் பெயரை எழுதினார்.

அந்த வாரம் முழுக்க ஜெயசித்ராவுக்குச் சோறு இறங்கவில்லை. சுந்தராம்பாளின் சிரிப்பு பிடிக்கவில்லை. அவள் வைத்துவரும் கனகாம்பரம் பிடிக்கவில்லை. பேப்பர் திருத்தும்போது அவளுக்கு மட்டும் சிவப்பு மை அதிகமாகச் செலவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை சுந்தராம்பாள் ஆடும்போது, எதையோ தேடுவதுபோல ஜெயசித்ரா அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் ஆட்டத்து ஆள் சுவரைப் பார்த்தபடி கோணலாக ஓடினான். அப்போதுதான் கையைக் கவனித்தாள். முன்னால் போகும் கீயையும் பக்கவாட்டில் நகரும் கீயையும் சுந்தராம்பாள் சேர்த்தே அமுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வேகமும் ஒன்றாகக் கூடிக்கொண்டது. ஆட்டத்தை எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை அது.

திங்கட்கிழமை மதியம் யாரும் இல்லாதபோது ஜெயசித்ரா முயன்று பார்த்தாள். விரல் கேட்கவில்லை. டைப்ரைட்டரில் இரண்டு எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் கம்பிகள் மோதிச் சிக்கிக்கொள்ளும். ஒரு விரல் எழுந்த பிறகே அடுத்தது இறங்க வேண்டும் என்று ஏழு வருடம் பழக்கிய கை. ஒன்றை அமுக்கியதும் இன்னொன்று தானாக எழுந்துகொண்டது. ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பது.

மறுநாளிலிருந்து சுந்தராம்பாளின் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு விரல் எழுந்தப்புறம் இன்னொண்ணு, அக்கா. சேர்த்து அடிக்காதீங்க. மறுபடி."

"நீங்க தங்கம் டீச்சர். வேற யாரு இப்படி ஒக்காந்து சொல்லித் தருவாங்க?"

அதைக் கேட்டும் ஜெயசித்ரா எழுந்து போகவில்லை. "மறுபடி" என்றாள். தினமும் ஒரு மணி நேரம், மூன்று மாதம். சுந்தராம்பாளின் தாளில் பிழை குறையக் குறைய ஜெயசித்ராவுக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது.

ஆகஸ்டில் பரீட்சை முடிந்த சனிக்கிழமை, சுந்தராம்பாள் நெடுநாள் கழித்து ஆட உட்கார்ந்தாள். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழகாக இறங்கின. ஐம்பத்து மூன்று.

சுவரை நிமிர்ந்து பார்த்து, "அது யாரு டீச்சர், எம்பேருல ஓடுனது?" என்றாள். அறையே சிரித்தது.

"அப்ப எப்படி ஓடுன? அதையே பண்ணேம்மா" என்றார் சார்.

"நெனப்பு இல்லீங்க சார். கை வர மாட்டேங்குது. டீச்சர் அவ்ளோ நல்லாப் பழக்கி வுட்டுட்டாங்க."

சார் திரும்பினார். "நீ பின்னால நின்னு பார்த்தியே ஜெயா, உனக்குத் தெரியுமா?"

சுந்தராம்பாளும் ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியல சார்."

அடுத்து ஜெயசித்ராவின் முறை. உட்கார்ந்து, ஒவ்வொரு கீயாக, ஒரு பிசகும் இல்லாமல் ஓடினாள். நாற்பத்தொன்பது. சுவரில் அவள் பெயருக்கு மேலே நாற்பத்தொன்று அப்படியே இருந்தது.