பீர்க்கன்கரணையிலிருந்து படப்பைக்கு ஒரு ஜோடி கம்மல்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பீர்க்கன்கரணை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். இடுப்பில் பையன் பாபு, கைப்பிடியில் மகள் செல்வி. தாம்பரம் நாலு கிலோமீட்டர், அங்கிருந்து படப்பை பதின்மூன்று. ஆக மொத்தம் பதினேழு. காசிக்குப் போய் வந்தவர்கள்கூட என் அளவுக்குப் பாடு பட்டிருக்க மாட்டார்கள்.

வருஷம் எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாகத் தெரியாது. எங்கள் கொம்பு உடைந்த எருமை மூன்றாவது கன்று போட்ட வருஷம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது செல்விதான். நாலரை வயசுப் பெண்ணாக அவளும் இதில் வருகிறாள். ஆகையால் எதையாவது விட்டுவிடுகிறாளா என்று நடுநடுவே படித்துக் காட்டச் சொல்கிறேன்.

அன்றைக்குப் படப்பையில் என் தங்கை மங்காவின் மகள் வள்ளிக்குக் காது குத்து. பகல் பன்னிரண்டரைக்கு மேல் முகூர்த்தம். தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், நான் கொண்டுபோகும் கம்மலைத்தான் மாட்டுவார்கள். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. எருமை அன்றைக்குப் பார்த்துக் கன்று போட்டது. எருமைக்கு முகூர்த்தம் தெரியுமா?

இதில் எனக்கு ஒரு மானப் பிரச்சினை இருந்தது. மங்காவின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, சந்தையில் ஒருவன் பேச்சில் மயங்கிக் கடுக்கன் வாங்கிப் போயிருந்தேன். பதினைந்தாம் நாள் அது பச்சை பூத்தது. அன்று முதல் மங்காவின் புருஷன் ஏகாம்பரம் எனக்கு வைத்த பெயர் ‘பித்தாள மச்சான்’. கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்ப்பதில்லை, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கோபித்துக்கொண்டு உறவை விடவும் வழியில்லை. நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். என் மனைவி சரோஜா அவருடைய தங்கை. செல்விக்குத் தாய்மாமனாகக் கம்மல் போட்டதும் அவர்தான். “சொக்கத் தங்கம் மச்சான். தங்கம்னா இப்டிக் கீணும்” என்று அதை அவர் காட்டாத ஆள் கிடையாது.

சமையலுக்கு ஒத்தாசையாகச் சரோஜா முன்னமே படப்பை போயிருந்தாள். மங்கா அவள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: “அண்ணனை நல்ல கடையா பாத்து வாங்கினு வரச் சொல்லு. இந்த மனுசன் காது குத்த வர்ற பத்தரை உரைகல்லு எடுத்துனு வரச் சொல்லிக்கீறாரு.”

எட்டரைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் வந்தது. கண்டக்டர் பாபுவைக் காட்டி, “பையனுக்கு இன்னா வயசு?” என்றார்.

“ரெண்டே முக்கால்” என்றேன்.

“மூணு” என்றான் பாபு. விரலையும் காட்டினான்.

“பையன் கணக்கா சொல்றான். அரை டிக்கெட் எடு பெரியவரே.” அப்போது எனக்கு நாற்பது வயசுகூட முடியவில்லை.

பிள்ளைகளோடு கடைக்குப் போகிறவர்களுக்கு முதல் யோசனை இது: வாயில் எதையாவது போட்டு அடைத்து அழைத்துப் போங்கள். தாம்பரத்தில் இறங்கியதும் ஆளுக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றுக்குப் போக வைத்தேன். அப்படியும் சண்முகம் ரோட்டில் பொம்மைக் கடை, பலூன்காரன், ஐஸ் வண்டி என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பாபு தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த இருநூறு அடியைக் கடக்க அரை மணி ஆனது. எருமையை ஓட்டிக்கொண்டு போயிருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.

ஒன்பதரைக்கு நகைக் கடைக்குள் நுழைந்தோம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தங்கம் கைக்கு வந்துவிட வேண்டும். கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். வாயில் எதையாவது போட்டு அடைக்கும் வித்தையை அவரும் தெரிந்து வைத்திருந்தார்.

கம்மல் வாங்குவதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கல் வைத்ததை வாங்காதீர்கள், கல்லையும் சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டுவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்குக் காம்பு மெல்லிசாக இருக்க வேண்டும். திருகாணியைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பாருங்கள், நாலு சுற்றாவது ஏற வேண்டும். இரண்டு சுற்றில் நின்றால் தலையணையில்தான் தேட வேண்டியிருக்கும். இதையெல்லாம் பால் ஊற்றப் போகிற வீடுகளில் அக்காமார்களிடம் ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்திருந்தேன்.

பூ மாதிரி ஒரு ஜோடி பிடித்தது. இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூட.

“எந்தக் காதுக்கு சார்?” என்றார் கடைக்காரர்.

“தங்கச்சி பொண்ணுக்கு. இவளைவிட ஒன்ற வயசு சின்னது. இவ காதுல வச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்.”

செல்வியின் பழைய கம்மலை அவர் கழற்றினார். “இன்னா சார், காது புண்ணா கீது?”

“ஏரித் தண்ணி ஒத்துக்கல” என்றேன். சரோஜா அப்படித்தான் சொல்லி மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அவர் பழைய கம்மலை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். புதுசை மாட்டினார். கண்ணாடியில் செல்வி தன்னைப் பார்த்தாள். கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆனால் நான் செய்கூலியைக் குறைப்பதில் முனைப்பாக இருந்தேன். “எண்ணி நானூத்தம்பது ரூபாதான் கீது. அதுக்கு மேல பைசா இல்ல” என்றேன். கடைக்காரர் இறங்கி வருகிற நேரம்.

“டிராயர் பாக்கெட்ல கீதேப்பா” என்றான் பாபு. “காலைல வச்சியே!”

கடையில் இருந்த எல்லோரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். திரும்பி நின்று, டிராயரிலிருந்து இன்னும் முப்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். மணி பத்து இருபத்தைந்து. “ராகு காலம் வந்துடும், சீக்கிரம் குடுங்க” என்று நான் பறக்க, பையன் ஒருவன் கண்ணாடி மேசை மேல் கிடந்த கம்மலை ரோஸ் பேப்பரில் மடித்துச் சிவப்புப் பெட்டியில் வைத்தான். வாங்கி மடியில் செருகினேன்.

பத்தே முக்காலுக்குப் படப்பை பஸ். முடிச்சூர் தாண்டி, மண்ணிவாக்கம் தாண்டி, ஏரிக்கரை காற்றில் பாபு தூங்கிப்போனான். தாவணி போடும் வயசுகூட ஆகாத செல்வி, என் துண்டை வாங்கித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

பதினொன்றே முக்காலுக்குப் படப்பை. பந்தல் வாசலிலேயே ஏகாம்பரம் நின்றார்.

“பித்தாள மச்சான் வந்தாச்சு! பத்தரே, கல்ல எடு.”

பந்தலில் நாற்பது பேர். வள்ளி பயந்து கட்டிலுக்கு அடியில் பூந்துகொண்டு, யார் கை நீட்டினாலும் கடித்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து நடந்து போய்ப் பெட்டியைப் பத்தரிடம் கொடுத்தேன். அவருக்குப் பார்வை மட்டு. ரோஸ் பேப்பரைப் பிரித்து, ஒரு கம்மலைக் கல்லில் உரசி, கோட்டின் மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு மறைந்து போயிற்று.

“மேல முலாம். உள்ள பித்தாளதான்” என்றார்.

ஏகாம்பரம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “நான் சொல்லல? அந்தக் கையி பித்தாளையைத் தவிர எதையும் தொடாது!” மங்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரண்டியோடு வந்த சரோஜா குனிந்து பார்த்தாள். “ஐயே, இது நம்ம செல்வி கம்மலாச்சே!”

எல்லோரும் செல்வியைப் பார்த்தோம். அவள் துண்டுக்கு மேலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சரோஜா துண்டை இழுத்தாள். புதுக் கம்மல் பளபளவென்று மின்னிற்று. பத்தர் அவளைக் கிட்டே கூப்பிட்டு, கழற்றாமலே கல்லை அதன் மேல் லேசாக உரசிப் பார்த்து, “இது தங்கம். நல்ல தங்கம்” என்றார்.

மங்காதான் கேட்டாள். “அப்போ அந்தப் பித்தாளையைப் போட்டது யாரு?”

நாற்பது தலையும் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பின. தொடையில் தட்டிய கை தொடையிலேயே இருந்தது. “எனக்கு இன்னா தெரியும்? கடைக்காரன் தங்கம்னு சொன்னான்...” என்றார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். பச்சை பூத்த நாளில் நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

எத்தனை வருஷமாக எத்தனை பதில் யோசித்து வைத்திருந்தேன்! அதையெல்லாம் விட்டுவிட்டு, “வெயில்ல நிக்காத மச்சான், வந்து உக்காரு” என்றேன்.

முகூர்த்தம் தாண்டப் பார்த்தது. செல்வி கம்மலைக் கழற்ற விடவில்லை, வள்ளி கட்டிலை விட்டு வரவில்லை. மிட்டாய், பலூன், அடி எல்லாம் சொல்லிப் பார்த்தோம். கட்டிலுக்கு அடியிலிருந்து வள்ளி எட்டிப் பார்த்தாள். “அது என்து!”

“குத்திக்கினாதான் உன்து” என்றாள் செல்வி. “அழுதா குடுக்க மாட்டேன்.”

வள்ளி நேராக வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பத்தர் இரண்டு காதையும் குத்தி முடிக்கும்வரை அவள் செல்வியின் காதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழவும் இல்லை. பேச்சு மாறாமல் செல்வி கம்மலைக் கழற்ற விட்டாள். அழுதது அவள்தான்.

சாயங்காலம் நாலே முக்காலுக்குத் திரும்பும் பஸ், சரோஜாவும் எங்களோடு. செல்வியின் காதில் ஓட்டை மூடாதிருக்க இரண்டு துடைப்பக் குச்சி. பஸ் நகரும்போது ஏகாம்பரம் சட்டைப் பொத்தான் போட்டபடி ஓடிவந்து ஏறினார். டிக்கெட் எல்லாவற்றையும் அவரே எடுத்தார். மண்ணிவாக்கம் தாண்டியதும், “மச்சான், திருகாணி எத்தினி சுத்து ஏறணும்?” என்றார்.

“நாலு.”

அதே கடைக்குத்தான் போனோம். கடைக்காரர் சிரித்தார். “காலையிலேயே நெனச்சேன், திரும்ப வருவீங்கன்னு.”

“அப்பவே சொல்லிருக்கக் கூடாதா?” என்றேன்.

“மாமன் சீராக் கீதோ என்னவோ. நான் சொல்லி ஒரு குடும்பம் பிரிஞ்சா, அந்தப் பாவம் எனக்கு எதுக்கு சார்?”

ஏகாம்பரம் நாலு சுற்று எண்ணி வாங்கினார். நான் சொல்லிக் கொடுத்தபடி கல் வைத்ததைத் தொடவில்லை. கம்மலை அங்கேயே செல்வி காதில் மாட்டினார்கள். மறுபடி மாறிவிடக் கூடாதென்று பெட்டியைத் திறந்து பார்த்தோம், காலி. செல்வி காதைப் பார்த்தோம், இருந்தது. படப்பைக்குத் திரும்ப வேண்டிய மனிதர், “வூடு வரைக்கும் வந்துட்டுப் போறேன் மச்சான்” என்றார். வெறும் மச்சான்.

தாம்பரத்திலிருந்து பீர்க்கன்கரணை நாலு கிலோமீட்டர். முன் சீட்டில் சரோஜா மடியில் பாபு. பின் சீட்டில் செல்விக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஆளுக்கொரு காதைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தோம்.