சுருதி சேராத குரல்

யாழ்ப்பாண வழிக் குடும்பத்துப் பெண்ணான வசுந்தரா டீச்சர், பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பது வருஷம் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். கணவர் ஜெயந்திரன் தவறிப்போய் எட்டு மாதம். டீச்சர் ஒரு சொட்டு அழவும் இல்லை, ஒரு வகுப்பு எடுக்கவும் இல்லை. கட்டிலே கதி என்று கிடந்தார். மாத்திரை எதுவும் எடுபடவில்லை. கடைசியில் மகள் கௌசலா அவரைச் சுபாங் ஜெயாவில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். கெட்டமின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, கண்ணைக் கட்டி, காதில் பாட்டைப் போட்டுப் படுக்க வைப்பார்களாம். மருந்து மனசைத் திறந்து விடும், உள்ளே கூட்டிப் போவது பாட்டுதான் என்றார் டாக்டர்.

முதல் தடவை கிளினிக்காரர்களே பாட்டுப் போட்டார்கள். அலைச் சத்தம், நடுவில் எவனோ ஊதிக்கொண்டிருந்தான். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. உடம்பு மிதந்தாலும் டீச்சரின் எரிச்சல் தரையை விட்டு எழும்பவில்லை.

"குழாயை மூட மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

இரண்டாம் தடவை, அம்மாவுக்குப் பிடிக்குமே என்று மாணவிகளின் ஆண்டு விழாக் கச்சேரியைக் கொண்டுவந்தாள் கௌசலா. மாணவிகள் பாட்டில் பிசகினால் டீச்சர் சும்மா இருக்க மாட்டார் என்று பெற்ற பிள்ளைக்குக்கூடவா தெரியாது! மருந்து ஏறி, கட்டிய கண்ணுக்குள் நிறம் நிறமாக ஏதோ விரிகிற நேரத்தில், ஒருத்தி கல்யாணி ராகத்தில் மத்தியம சுரத்தை இறக்கிப் பாடித் தொலைத்தாள். டீச்சரின் வலக்கை தொடையில் ஓங்கி ஓங்கித் தாளம் போட ஆரம்பித்தது.

"டீச்சர், கையை ஆட்டாதீங்க லா! பிரஷர் மெஷின் எரர் காட்டுது," என்று நர்ஸ் மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"முதல்ல அவளை ஒழுங்கா பாடச் சொல்லு!"

மூன்றாம் தடவையும் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று பார்த்து ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். அம்மாவோடு தாமதமாக ஓடிவந்த கௌசலா, ஃபோனில் கைக்கு அகப்பட்டதைத் தட்டிவிட்டு வெளியே போனாள். அது வீட்டில் எடுத்த பழைய வகுப்புப் பதிவு. பிள்ளைகள் சரளி வரிசையை வழக்கம்போல இழுத்தார்கள். டீச்சரின் கை எழுந்தது.

அப்போது பிள்ளைகளுக்குப் பின்னால், சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தத்தோடு, ஓர் ஆண் குரல் கூடவே பாடியது. சுருதிக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். ஜெயந்திரன்! மூடிய கண்ணுக்குள் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் கட்டங்கள்கூடத் தெரிந்தன, சோப்பு மணந்தது. எழுந்த கை அப்படியே நின்றது.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் வாயை மூடுங்கோ! சுருதி கெடுது!"

பதிவுக்குள்ளிருந்து சீறியது டீச்சரின் சொந்தக் குரல். ஜெயந்திரன் பாட்டைச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ முதல்ல வாயை மூடு, சனியனே! அவர் பாடட்டும்!"

யாரைத் திட்டுகிறார் என்று மலருக்கு விளங்கவில்லை. ஓடிவந்து பார்த்தாள். கண்ணைக் கட்டிய துணிக்கு அடியிலிருந்து கண்ணீர் காது வரை வழிந்துகொண்டிருந்தது.

"மலர், திரும்பப் போடும்மா," என்றார் டீச்சர். "அவர் பாடுற இடத்திலிருந்து."